வெட்டப்பட்ட சரணம்

கதவு மறுபடி அதிர்ந்தது. தாழ்ப்பாளின் திருகாணி ஒன்று கழன்று கழிப்பறைத் தரையில் உருண்டது.

ஹதோரி கதவுக்கு முதுகைக் கொடுத்து, எதிர்ச்சுவரில் காலை ஊன்றி, கைபேசியிலிருந்த பாட்டுப் பதிவுகளை அழித்துக்கொண்டிருந்தான். கதவிடுக்கில் நசுங்கிய விரலில் ரத்தம். ஈர விரலைத் திரை ஏற்க மறுத்தது. பேண்ட்டில் துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினான்.

"டேய் ஹதோரி! உள்ளே என்னடா, குளியல் போடறியா?"

தோபாஷியின் குரல். நூறு கிலோ உடம்பு. அந்த உடம்பு மறுபடி கதவில் மோதியது.

"வயித்தைக் கலக்குதுண்ணே! இதோ வந்துட்டேன்!"

"கலக்கட்டும். வெளிய வந்தா மிச்சத்தையும் நான் கலக்கி விடறேன்."

இன்னும் பாதிப் பதிவுகள் பாக்கி. நேரமில்லை. ஹதோரி கைபேசியைக் கழிப்பறைக் கோப்பைத் தண்ணீருக்குள் போட்டான். திரை ஒருமுறை நீலமாக மின்னி அணைந்தது. திரும்பும்போது சுவர்ப் பொத்தானில் தோள் பட்டு, உள்ளே போகிற சத்தம் வெளியே கேட்குமே என்று கூச்சப்படுகிறவர்களுக்காக வைத்திருந்த குருவிச் சத்தம் கீச்சுக்கீச்சென்று கிளம்பியது.

கதவு பிளந்தது.

முதல் குத்து வாயில். கீழுதடு பல்லில் மாட்டிக் கிழிந்தது. அடுத்தது தொண்டைக்குழிக்குச் சற்றுக் கீழே. மூச்சு நின்றது. தோபாஷி அவன் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்தான். குருவிகள் இன்னும் பாடிக்கொண்டிருந்தன.

கவாசாகி ரயில் நிலையத்துக்குப் பின்னால், அறை எடுத்துப் பாடுகிற ஆறு மாடி கராவோகே கடை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்பதால் எல்லா அறையும் நிரம்பி வழிந்தது. பள்ளிக்கூடப் பெண்கள் ஓர் அறையில் கைதட்டிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். இன்னோர் அறையில் யாரோ ஒரு குமாஸ்தா காதல் தோல்வியில் கதறிக்கொண்டிருந்தார். நடைவழியில் ரத்தம் சொட்ட ஒருவன் இழுத்துச் செல்லப்பட்டதை வேலைக்காரப் பெண் பார்த்தாள். பார்த்துவிட்டு, தட்டை ஏந்தியபடி சுவரோரம் ஒதுங்கி, குனிந்து வழிவிட்டாள். கடை, தோபாஷியின் தலைவன் குரோசுவின் மச்சானுடையது. இங்கே வேலை செய்கிறவர்களுக்குக் கண் உண்டு. வாய் கிடையாது.

ஹதோரியின் மண்டைக்குள் ஒரே ஓர் எண்ணம்தான் ஓடியது. இவர்களுக்குத் தெரிந்துவிட்டதா?

ஏனென்றால் 'ஹரிகானே' என்பது அவன்தான்.

இந்த வருஷம் இளவட்டங்கள் எல்லாம் தலையில் தூக்கி வைத்து ஆடுகிற பாடகன் ஹரிகானே. அந்தப் பெயருக்குக் கம்பி என்று பொருள். அவன் முகத்தைப் பார்த்தவர் யாருமில்லை. வீடியோவில் முகத்துக்குப் பதில் ஒரு கோட்டோவியம் மட்டும் வரும். இந்த ஊரில் அப்படி முகத்தை மறைத்துப் பாடுகிறவர்கள் பலர் உண்டு, ரசிகர்களும் துருவிப் பார்ப்பதில்லை. பார்சல் கிடங்கில் பெட்டி அடுக்கும் ஹதோரிதான் அந்த ஹரிகானே என்பது அவன் அம்மாவுக்கே தெரியாது.

தோபாஷி அவனை அறைக்குள் தள்ளினான்.

நீண்ட சோபாவின் நடுவில் குரோசு உட்கார்ந்திருந்தான். முப்பதை நெருங்கும் வயது. அழகாகத் தைத்த கோட். கவாசாகியின் பாதி மதுக்கடைகளும், அவற்றின் வாசலில் நிற்கும் தடியர்களும் அவன் பிடியில் இருந்தார்கள். அவன் காலடியில் குஸே மண்டியிட்டிருந்தான். ஹதோரியின் பள்ளித் தோழன், முதியோர் இல்லத்தில் வேலை. மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் அவனுடைய இளம்பச்சைச் சீருடையில் இறங்கியிருந்தது. பணியிலிருந்தே தூக்கி வந்திருந்தார்கள்.

மேசையில் ஒரு தட்டு நிறையப் பொரித்த கோழி. தோபாஷி ஹதோரியை உட்கார வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் எலுமிச்சைத் துண்டை எடுத்துக் கோழி மேல் பிழிந்தான்.

பளார்!

குரோசுவின் புறங்கை தோபாஷியின் கன்னத்தில் இறங்கியது.

"யாரைக் கேட்டுடா பிழிஞ்சே? எல்லாருக்கும் எலுமிச்சை பிடிக்குமா? ஒரு வார்த்தை கேக்கத் தெரியாது?"

"தப்புண்ணே."

"நீ பிழிஞ்சதை நீயே தின்னு." குரோசு கையைத் துடைத்துக்கொண்டு ஹதோரியைப் பார்த்துச் சிரித்தான். "வாடா தம்பி. எத்தனை வருஷமாச்சு! இப்ப நாம நாலு பேரும் ஒண்ணா உட்கார்ந்திருக்கோம். ஐஞ்சாவது ஆள்தான் இல்ல. பாவம், ஓகி."

ஓகி என்ற பெயர் விழுந்ததும் தோபாஷி மெல்லுவதை நிறுத்தினான். குஸே தலையைக் குனிந்தான்.

"எதுக்கு எங்களைக் கூப்பிட்டீங்கண்ணே?" என்றான் ஹதோரி. உதட்டுக் காயத்தில் வார்த்தைகள் வழுக்கின.

"சொல்றேன். சிரிக்கக் கூடாது." குரோசு காலை மாற்றிப் போட்டுக்கொண்டான். "எனக்கு ஒரு பொண்ணைப் பிடிச்சிருக்கு. இருபத்திரண்டு வயசு. பாட்டுன்னா உயிர். என்கிட்ட இருக்கறதெல்லாம் எங்கப்பா காலத்துக் கப்பல்காரன் பாட்டு. அதைப் பாடினா அவ எழுந்து பாத்ரூம் போயிடறா. சரின்னு நெட்ல தேடினேன். 'பொண்ணுங்க மனசைப் பிடிக்க வாலிபப் பசங்க பாடவேண்டிய பாட்டுகள்'. அப்படி ஒரு வீடியோ. கண்ணாடி போட்ட பையன் ஒருத்தன் வரிசையாச் சொல்றான். முதல் இடம் யாருக்கு தெரியுமா?"

குரோசு தோபாஷி பக்கம் திரும்பினான்.

"தோபாஷி, சொல்லு."

"ஹரிகானேண்ணே. 'மஞ்சள் நாடா'."

"ஆங். மஞ்சள் நாடா. மெட்டு சுலபம், பொண்ணுங்க அழுவாங்கன்னு சொன்னான். ஒரு வாரமா கார்ல அதையே போட்டுப் போட்டுப் பழகினேன். ராகம் வரல. வார்த்தை மட்டும் வந்துச்சு." குரோசு நிறுத்தினான். சிரிப்பு முகத்திலேயே இருந்தது, கண்ணில் இல்லை. "இரண்டாவது சரணத்துல கையெல்லாம் சில்லிட்டுப் போச்சுடா. கரையில ஐஞ்சு நிழல். ஒரு நிழல் கீழ விழுது. ஒத்தை ஷூ. அதுல மஞ்சள் நாடா. ஆத்தோரம் நாணல். இது எந்த இடம்னு உங்க யாருக்கும் சொல்லவேண்டியதில்லையே?"

சொல்லவேண்டியதில்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் ஐந்து பேரும் ஒரே மோட்டார் சைக்கிள் கூட்டம். குரோசு தலைவன். ஹதோரிக்கும் குஸேக்கும் ஓகிக்கும் பதினாறு வயது. கூட்டத்தை விட்டு விலகுகிறேன் என்று ஓகி வந்து நின்றான். விலகலாம், அதற்கு ஒரு முறை இருந்தது. இருக்கிறவர்கள் ஆளுக்கு ஓர் அடி அடிப்பார்கள், அவன் திருப்பி அடிக்கக் கூடாது. அத்தனையும் வாங்கிக்கொண்டு தானாக எழுந்து நின்றுவிட்டால் அன்றோடு அவன் சுதந்திர மனிதன்.

தாமா ஆற்றங்கரையில், மார்கழிக் குளிரில், சாயங்கால வெளிச்சம் போகும் நேரத்தில் அது நடந்தது. முதலில் குரோசு. பிறகு குஸே, ஹதோரி. கடைசியாகத் தோபாஷி, காதுக்குக் கீழே. ஓகி மரம் சாய்வதைப் போலச் சாய்ந்தான்.

எழவில்லை.

"நீங்க போங்கடா, நான் பாத்துக்கறேன்" என்றான் குரோசு. மறுநாள் தடுப்பணையில், மஞ்சள் நாடா கட்டிய ஒற்றை ஷூவோடு ஓகியின் உடல் ஒதுங்கியது. கால் தவறி விழுந்து மூழ்கிய வாலிபன் என்று செய்தித்தாளில் சின்னதாக வந்தது. "அவன் அங்கேயே செத்துட்டான். நான்தான் ஆத்துல தள்ளிவிட்டேன். உங்களைக் காப்பாத்த" என்று குரோசு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னான். "எவன் அடியில போனான்னு யாருக்கும் தெரியாது. ஆகவே எல்லாரும் கொலைகாரனுங்கதான். ஒருத்தன் வாயைத் திறந்தா நாலு பேரும் உள்ளே."

அந்த ஒரே வார்த்தையில் எட்டு வருஷம் கட்டிப்போட்டிருந்தான். குஸே மாதா மாதம் அவனுக்காக முதியோர் இல்லத்து மாத்திரைகளைத் திருடிக் கொடுத்தான். ஹதோரி கிடங்கிலிருந்து கேட்ட பெட்டிகளைப் பின்வாசல் வழியாக வெளியே விட்டான். கடைசி அடி அடித்த தோபாஷியோ அவனுடைய நாயாகவே ஆகிப்போனான். இன்றுவரை அந்த ஆற்றுப் பாலத்தை அவன் கடந்ததில்லை, ஊரைச் சுற்றித்தான் போவான்.

"அந்தக் கரையில இருந்தவன் ஐஞ்சு பேரு" என்றான் குரோசு. "ஒருத்தன் செத்துட்டான். நான் எழுதல. மிச்சம் நீங்க மூணு பேரு. உங்கள்ல ஒருத்தன்தான் ஹரிகானே. இன்னிக்கு அவன் பாடற கடைசி நாள். தொண்டையை எடுத்துடப் போறேன்."

"நான் இல்லண்ணே!" குஸே அழுதான். "சத்தியமா நான் இல்ல! நான் அந்த ஆளோட ரசிகன், அவ்வளவுதான்!"

"அண்ணே, நானுமா?" தோபாஷி வாயில் கோழியோடு கேட்டான்.

"நீயும்தான். கழுதைக்குள்ள குயில் இருக்காதுன்னு எப்படிச் சொல்றது?" குரோசு பாட்டுத் தேர்ந்தெடுக்கும் டேப்லெட்டைத் தட்டினான். 'இருபது வயது ஆண்களுக்குப் பரிந்துரை' என்ற பக்கம் திறந்தது. முதல் வரியிலேயே மஞ்சள் நாடா. "எனக்குச் சங்கீத ஞானம் கிடையாது. எல்லாக் குரலும் ஒரே மாதிரிதான் கேக்கும். ஆனா மிஷின் இருக்கு பாரு, அதுக்கு ஓரவஞ்சனை தெரியாது. சுருதிக்கு இவ்வளவு, தாளத்துக்கு இவ்வளவுன்னு கணக்குப் போட்டு மார்க் சொல்லும். அவன் பாட்டு, அவன் போட்ட மெட்டு. எவனுக்கு அதிக மார்க் வருதோ அவன்தான் ஆளு."

மதிப்பெண் பொத்தானை அழுத்தினான். திரையில் பட்டாசு வெடித்தது.

"இன்னொண்ணு. வேணும்னே கெடுத்துப் பாடினா மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவேன். பொய் பேசறவனைப் பார்த்துப் பார்த்துதான் எனக்குச் சோறு. தோபாஷி, ஆரம்பி."

தோபாஷி எழுந்து, மைக்கை உளியைப் போலப் பிடித்துக்கொண்டு பாடினான். பாடினான் என்று சொல்வது மரியாதைக்கு. வியர்த்து ஒழுகியது. பக்கத்து அறைப் பெண்கள் சுவரைத் தட்டிச் சிரித்தார்கள். முடிவில் திரையில் எண் சுழன்று நின்றது.

எழுபத்தெட்டு.

"அட, பரவாயில்லையே!" குரோசு தொடையில் தட்டினான். "ஹதோரி. எந்திரி."

ஹதோரி எழுந்தான். இந்த மெட்டு அவன் கிடங்கின் சாப்பாட்டு இடைவேளையில் முனகி முனகி உண்டாக்கியது. கெடுத்துப் பாடவேண்டும், ஆனால் கெடுப்பது தெரியக் கூடாது. அப்படித்தான் நினைத்துக்கொண்டு மைக்கை வாங்கினான்.

முதல் சரணத்தை மந்தமாகவே தாண்டினான். உதடு வீங்கிச் சொற்கள் குழறின. தொண்டைக்குக் கீழே வாங்கிய குத்தில் குரல் பிளந்து, காய்ந்த மூங்கிலைப் போல ஒலித்தது. இசைத்தட்டில் அவன் குரல் மேல் அவன் குரலையே நான்கு அடுக்காக ஏற்றி மெருகு போட்டிருப்பார்கள். அதற்கும் இதற்கும் ஒட்டே இல்லை.

இரண்டாவது சரணம் வந்தது.

*ஒற்றைக் காலணியில் மஞ்சள் முடிச்சு*
*யார் வந்து அவிழ்ப்பார்?*

அந்த இடத்தில் அவனால் முடியவில்லை. ஓகி அந்த நாடாவைக் கட்டுகிற விதம் கண்ணில் வந்து நின்றது. இரண்டு முடிச்சு, மேலே ஒரு கொக்கி. அதற்குப் பிறகு ஹதோரி எதையும் கெடுக்கவில்லை. சாகப்போகிறவன் பாடுகிற மாதிரி பாடினான். சொல்லைத் தாளத்துக்குப் பின்னால் இழுத்து, மூச்சு உடைகிற இடத்தில் உடையவிட்டு, உச்சியில் சுருதியைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்து, அவன் எப்போதும் பாடுகிற மாதிரியே பாடி முடித்தான். கண்ணில் தண்ணீர். சட்டையில் ரத்தம்.

முடிந்தது. இனி மறைக்க ஒன்றுமில்லை என்று கண்ணை மூடிக்கொண்டான்.

எண் சுழன்றது. நின்றது.

எழுபத்தொன்று.

கீழே ஒரு வரி ஊர்ந்தது: 'உணர்ச்சி போதவில்லை. தாளத்தைக் கவனித்து, உருக்கமாகப் பாட முயலுங்கள்!'

பிறகு குரோசு வெடித்துச் சிரித்தான். "தோபாஷியை விடக் கீழயாடா! உசுரைக் கொடுத்துப் பாடறான்யா, அப்பவும் எழுபத்தொண்ணு!"

"எனக்கே ஏழு மார்க் கூட!" தோபாஷிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஹதோரிக்குப் புரிந்தது. இயந்திரத்துக்குள் இருப்பது அவன் பாடியது அல்ல. யாரோ ஒரு பொறியாளர் அவன் பாட்டைக் கேட்டு, இழுப்பு, உடைவு எல்லாவற்றையும் இஸ்திரி போட்டு நேராக்கி எழுதிய கோடு. அந்தக் கோட்டின்படி பார்த்தால் இந்தப் பாட்டைத் தப்பாகப் பாடுகிற முதல் ஆள் ஹரிகானேதான்.

அப்படியானால் சரியாகப் பாடுகிறவன் யார்?

குஸே!

வாரா வாரம் தனியாக வந்து அறை எடுத்து, திரையில் ஓடும் கோட்டைப் பார்த்துப் பார்த்தே பாடிப் பழகுகிறவன் குஸே. முதியோர் இல்லத்தில் ஞாயிற்றுக்கிழமை கச்சேரி அவனுடையது. தொண்ணூற்றைந்துக்குக் கீழே வந்தால் அன்றைக்குச் சாப்பிட மாட்டான்.

"குஸே..." என்று ஹதோரி ஆரம்பித்தான். தோபாஷியின் முழங்கை விலாவில் இறங்கியது. வார்த்தை உள்ளேயே நின்றுவிட்டது.

குஸே பாடினான். கெடுத்துப் பாடினால் மூஞ்சி காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயத்தில், தனக்குத் தெரிந்த ஒரே விதத்தில் பாடினான். மூக்கில் ரத்தம் வழிய, திரையில் ஓடும் கோட்டின் மேலேயே கம்பி மேல் நடப்பவனைப் போல நடந்தான். நட்சத்திரங்கள் கொட்டின. அழகான குரல் நடுக்கத்துக்கு ஒரு நட்சத்திரம், சுரம் விட்டுச் சுரம் சறுக்குவதற்கு ஒன்று. பக்கத்து அறைப் பெண்கள் இப்போது சுவரைத் தட்டவில்லை. கைதட்டினார்கள்.

தொண்ணூற்றாறு.

குரோசு மெல்ல எழுந்தான். கோட்டைக் கழற்றி மடித்து சோபாவில் வைத்தான்.

"ரசிகனாம்ல."

"அண்ணே, இது... இது பழக்கம்ணே! நான் பெருசுங்களுக்குப் பாடறவன்! அண்ணே!"

குரோசு மைக்கைத் திருப்பிப் பிடித்து, அதன் இரும்புத் தலையால் குஸேயின் வாயில் அடித்தான். பல் உடைந்த சத்தம் ஒலிபெருக்கியில் பெரிதாகக் கேட்டது. மறுபடி. மறுபடி. குஸே பக்கவாட்டில் சரிந்தான். மேசை விளிம்பில் நெற்றி மோதி, கோழித்தட்டு கவிழ்ந்தது. குரோசு அவன் தலைமயிரைப் பற்றித் தூக்கினான்.

"எனக்குச் சோறு போடற ஊர்ல, என் கதையை ஊரெல்லாம் பாட விடறியா? கண்ணாடி போட்டவன் எல்லாம் அதைப் பாடுன்னு எனக்கே சொல்றான்! தோபாஷி, பிடி இவனை. தொண்டைக் குருத்தை நசுக்கிடு. உயிர் இருந்தா இருக்கட்டும், போனா போகட்டும்."

தோபாஷி பின்னாலிருந்து குஸேயின் கழுத்தை முழங்கையால் வளைத்தான். கட்டை விரல் குரல்வளையைத் தேடி ஏறியது. குஸேயின் கால்கள் தரையை உதைத்தன.

"விடுங்க அவனை!" ஹதோரி கத்தினான். "நான்தான் ஹரிகானே!"

குரோசு திரும்பிப் பார்த்தான். தோபாஷியும் பார்த்தான். இருவரும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள்.

"எழுபத்தொண்ணு வாங்கின மூஞ்சி!"

"உண்மைண்ணே! மிஷினுக்கு என் பாட்டு தெரியாது!"

"அவன் மெட்டு அவனுக்கே வராதாம். கேட்டியா தோபாஷி?" குரோசு வந்து ஹதோரியின் வயிற்றில் எட்டி உதைத்தான். ஹதோரி சுருண்டான். விலாவில் இன்னொரு உதை. ஏதோ ஒன்று உள்ளே முறிந்தது. "நட்பு நல்ல விஷயம்தாண்டா. ஆனா பொய் சொல்லும்போது பொருத்தமாச் சொல்லணும்."

குஸேயின் முகம் கருநீலமாகிக்கொண்டிருந்தது. உதைத்த கால்கள் தளர்ந்துவிட்டன.

ஹதோரி மண்டியிட்டு எழுந்தான். உண்மையைச் சொல்லியாயிற்று, நம்பவில்லை. இனி ஒன்றுதான் மிச்சம். அன்று கரையில் நடந்தது வெளியே வந்தால் அத்தோடு ஹரிகானே காலி. கொலை வழக்கில் பெயர் அடிபட்டவனின் பாட்டை இந்த ஊர் ஒரு நாள்கூட வைத்திருக்காது. கடையிலிருந்து எடுப்பார்கள், வானொலியிலிருந்து எடுப்பார்கள், இந்த டேப்லெட்டிலிருந்தும் எடுத்துவிடுவார்கள். பாட்டே இல்லாத மாதிரி ஆகிவிடும்.

ஆகட்டும்.

"தோபாஷிண்ணே" என்றான். குரோசுவைப் பார்க்கவில்லை. "அந்தப் பாட்டுல மூணாவது சரணம் ஒண்ணு இருக்கு. எழுதினேன், பாடினேன். ரொம்ப நீளம், டி.வி.க்கு ஆகாதுன்னு கம்பெனிக்காரங்க வெட்டிட்டாங்க. அது மிஷின்ல கிடையாது. ஊர்ல ஒருத்தனும் கேட்டதில்ல. கேக்கறீங்களா?"

தோபாஷி புருவத்தைச் சுருக்கினான். "அதுல என்ன இருக்கு?"

"நீங்க எல்லாரும் போனப்புறம் கரையில நடந்தது."

அறைக்குள் ஏதோ மாறியது. குரோசுவின் முகத்திலிருந்த சிரிப்பு, யாரோ பொத்தானை அழுத்தின மாதிரி, அணைந்தது.

"போனப்புறம் நான் மட்டும்தான் இருந்தேன்" என்றான் மெதுவாக.

"நானும் இருந்தேண்ணே. வண்டியைப் பாலத்துக்குக் கீழ விட்டுட்டுத் திரும்பி வந்தேன். நாணலுக்குள்ள இருந்தேன். பதினாறு வயசு. பயத்துல பேன்ட்லயே போயிட்டேன். எட்டு வருஷமா வாயில வரல. பாட்டாத்தான் வந்துச்சு."

அவன் பாட ஆரம்பித்தான். பின்னணி இசை இல்லை. மைக் இல்லை. பிளந்த உதட்டிலிருந்து ரத்தமும் எச்சிலுமாகக் குரல் வந்தது.

*மூவர் போன பின்னும் நதி போகவில்லை*
*நாணல் கண் திறந்து நின்றது...*

"வாயை மூடுடா!" குரோசு விஸ்கி பாட்டிலைப் பற்றி மேசை விளிம்பில் அடித்து உடைத்தான். "தோபாஷி! அவனை விட்டுட்டு இவனைப் பிடி! இவன்தான்! இவன்தான் அவன்!"

தோபாஷி குஸேயை விட்டான். குஸே தரையில் விழுந்து, கொடூரமான ஓசையோடு காற்றை உள்ளிழுத்தான். ஆனால் தோபாஷி ஹதோரியைப் பிடிக்கவில்லை. நடுவில் வந்து நின்றான்.

"அண்ணே, இப்பத்தானே இவன் இல்லேன்னீங்க. எழுபத்தொண்ணுன்னீங்க."

"நகருடா!"

"ஒரு வரியிலேயே எப்படி இவன்தான்னு தெரிஞ்சுது? உங்களுக்குத்தான் எல்லாக் குரலும் ஒண்ணாச்சே." தோபாஷி மெதுவான ஆள். ஒரு விஷயம் அவன் தலைக்குள் போய்ச் சேர நேரமாகும். இப்போது போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. "பாடி முடிக்கட்டும்ணே. கேட்டுட்டு நானே முடிச்சிடறேன்."

குரோசு கையிலிருந்த பாட்டிலைச் சுழற்றினான். கண்ணாடி விளிம்பு தோபாஷியின் முன்கையை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பிளந்தது. தோபாஷி தன் கையைப் பார்த்தான், குரோசுவைப் பார்த்தான். அவன் முகத்தில் வலியைக் காட்டிலும் ஆச்சரியம்தான் அதிகம்.

"இவ்வளவு பயமா, அண்ணே?"

குரோசு மறுபடி பாய்ந்தான். இந்த முறை குறி ஹதோரியின் கழுத்து. குஸே தரையில் கிடந்தபடியே அவன் கணுக்காலைக் கட்டிக்கொண்டான். குரோசு தடுமாறினான். தோபாஷியின் நூறு கிலோவும் அவன் மேல் விழுந்தது. சோபா சாய்ந்தது, திரை விரிசல் விட்டது. உடைந்த பாட்டில் இருவருக்கும் நடுவில் ஒருமுறை மின்னி, தோபாஷியின் தோளில் ஏறி, அங்கேயே நின்றது. தோபாஷி அதைப் பிடுங்கவில்லை. குரோசுவின் வலக்கையைப் பற்றி, மேசைக் காலில் வைத்துத் திருப்பினான். எலும்பு முறிந்தது. குரோசு அலறினான்.

பக்கத்து அறையில் பெண்கள் அடுத்த பாட்டைத் தொடங்கியிருந்தார்கள். கோடைக்காலம், கடற்கரை, முதல் காதல்.

தோபாஷி முழங்காலைக் குரோசுவின் முதுகில் ஊன்றி, அவன் முகத்தைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். தோளிலிருந்து வழிந்த ரத்தம் குரோசுவின் வெள்ளைச் சட்டையை நனைத்தது.

"சொல்லு" என்றான். குரல் சின்னப் பையனுடையதைப் போல இருந்தது. "பாடவேண்டாம். சொல்லு. என் அடியிலதானே அவன் போனான்? காதுக்குக் கீழ. நான்தானே கடைசி?"

"பொய் சொல்லப் போறான்டா!" குரோசு தரையோடு பேசினான். "என் பேச்சைக் கேளு! உன்னை யாரு காப்பாத்தினா? நான்டா!"

தோபாஷி காதில் வாங்கவில்லை. ஹதோரியையே பார்த்தான். குஸேயும் உடைந்த வாயைப் பொத்திக்கொண்டு அவனையே பார்த்தான்.

ஹதோரி சுவரில் சாய்ந்தான். முறிந்த விலா ஒவ்வொரு மூச்சிலும் குத்தியது.

"உங்க அடியில போகலண்ணே. குஸே அடியிலயும் போகல, என் அடியிலயும் போகல. நீங்க போன கொஞ்ச நேரத்துல ஓகி எழுந்துட்டான். தானா, ரெண்டு காலையும் ஊன்றி, நேரா நின்னான். தள்ளாடிக்கிட்டே இவர் முன்னால வந்தான். இடுப்பு வரைக்கும் குனிஞ்சு, 'இத்தனை நாள் கூட வெச்சுக்கிட்டதுக்கு நன்றி அண்ணே'ன்னு சொன்னான். அவன் நிமிர்றதுக்குள்ள இவர் பிடரியைப் பிடிச்சு, அப்படியே ஆத்துக்குள்ள அழுத்தினாரு. 'நீ எழுந்து போனா நாளைக்கு எல்லாரும் எழுந்து போயிடுவானுங்கடா'ன்னு சொல்லிக்கிட்டே அழுத்தினாரு. கால் ஆடறது நிக்கற வரைக்கும்."